செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்: போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற வரியை என்ன செய்வது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடை வாசலில் நின்றுகொண்டுதான் அந்தப் பேப்பரை முதலில் படித்தேன். கொண்டுவந்தவர் தெரிந்த தம்பி. ஜவ்வரிசி விற்கும் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் விற்பனை பார்த்தவர். மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் இரண்டும் அவர் கையில் இருந்தன. வியாபாரம் டல் என்று சொல்லி, போகச் சொல்லிவிட்டார்கள்.

"மூணு லட்சம் தர்றாங்கண்ணா. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே செக்குன்னு சொல்றாங்க" என்றார்.

இங்கிலீஷில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. வேலையை விட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்கு, இந்தியாவில் எங்கேயும், ஜவ்வரிசி அல்லது ஸ்டார்ச் சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலிலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக் கூடாதாம். மூன்று லட்சம் அதற்கு ஈடாகத் தரப்படுகிறதாம். சேலத்தில் பிறந்து, மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு எதையும் விற்றுப் பழக்கமில்லாத ஆளிடம் ஸ்டார்ச் பக்கம் போகாதே என்றால், வீட்டில் உட்கார் என்றுதான் அர்த்தம்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பேப்பரை டைப் அடித்துக் கொடுக்கும் ஹெச்.ஆர். மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன். எந்த வரி பயமுறுத்த, எந்த வரி நிஜமாகவே கடிக்கும் என்பது ஓரளவு தெரியும். ஜாகீர் அம்மாபாளையம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்ப்பவரோ, ஏற்காட்டுக் காபி எஸ்டேட் மேனேஜரோ, கொண்டலாம்பட்டி டெக்ஸ்டைல் டிசைனரோ, முதல் தடவை இப்படி ஒரு பேப்பரைக் கையில் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 27-வது பிரிவு. சட்டப்படியான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை எவ்வளவோ அந்த அளவுக்குச் செல்லாது. 'அந்த அளவுக்கு' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடை வரி மட்டும்தான் சாகும், பேப்பரின் மற்ற வரிகள் உயிரோடு இருக்கும்.

இங்கிலாந்து மாதிரி நாடுகளில் தடை நியாயமானதா, காலம் அதிகமா, ஊர் எல்லை பெரிதா என்று அளந்து பார்ப்பார்கள். இங்கே, வேலை முடிந்த பிறகான தடை என்றால் ஆறு மாதமா ஆறு வருடமா என்று அளக்கும் வேலையே பொதுவாக இல்லை. 1980-ல் கிருஷண் முர்கை வழக்கிலும், 2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பக்கம்தான் காற்று அடித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் தடையை 27-வது பிரிவு விடாது.

அப்படியானால் செல்லாத வரியை ஏன் போடுகிறார்கள்? பயத்துக்குத்தான். "டெம்ப்ளேட்ல இருக்கு, எடுக்காதீங்க" என்று எனக்கே மேலதிகாரி சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் ஜெயிக்கவே வேண்டாம். புது முதலாளிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் போதும், அவர் "எதுக்குங்க நமக்கு வம்பு" என்று ஒதுங்கிவிடுவார். அதனால் 'எப்படியும் செல்லாதே' என்ற தைரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். பேப்பரிலேயே அந்த வரியை அடித்துவிட்டால் பிறகு நோட்டீஸ் அனுப்பவும் ஆதாரம் இருக்காது.

படி ஒன்று: கடைசி நாள் எது என்று பாருங்கள்

தடை செல்லுமா செல்லாதா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு தேதியைப் பொறுத்தது. வேலையில் இருக்கும்வரை வேறு கம்பெனிக்கு உழைக்கக் கூடாது என்ற தடை செல்லும். 1967-ல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் பாதியில் போட்டி மில்லுக்குப் போனார். அந்த ஐந்து வருடம் முடியும்வரை போகக் கூடாது என்று தடுத்தது நியாயம் என்றார்கள்.

இங்கேதான் செட்டில்மென்ட் பேப்பர் ஒரு சூட்சுமம் செய்யும். "நாளை முதல் அலுவலகம் வர வேண்டாம், ஆனால் மார்ச் 31 வரை நீங்கள் எங்கள் ரோலில் இருப்பீர்கள், சம்பளம் வரும்" என்று எழுதியிருந்தால், வீட்டில் இருந்தாலும் நீங்கள் ஊழியர்தான். அதற்குள் எதிர்க் கம்பெனியில் சேர்ந்தால் அது மீறல். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி எது, ரிலீவிங் லெட்டரில் எது, செட்டில்மென்ட் பேப்பரில் எது என்று மூன்றையும் ஒத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே தேதியாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து 'சும்மா உட்கார்' என்பது வேறு கதை. பம்பாய் உயர் நீதிமன்றம் வி.எஃப்.எஸ். குளோபல் வழக்கில் அதையும் தொழில் தடையாகத்தான் பார்த்தது. சம்பளம் கொடுப்பதாலேயே முடிந்துபோன வேலை திரும்ப உயிர் பெற்றுவிடாது.

படி இரண்டு: பழைய பேப்பரையும் புதிய பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

சேரும்போது வாங்கிய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள். இரும்புப் பீரோவில் எங்கேயாவது இருக்கும். இல்லாவிட்டால் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்.

இப்போது புதிய பேப்பரில் இரண்டு வகை வாக்கியங்களைத் தேடுங்கள். 'இதற்கு முன் செய்த எல்லா ஒப்பந்தங்களுக்கும் பதிலாக இது' என்று ஒன்று இருந்தால் நல்லது. ஒப்பந்தச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி, பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாக இரு தரப்பும் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டால் பழையதை நிறைவேற்றத் தேவையில்லை. அதாவது பழைய ஆர்டரில் இருந்த நான்-கம்பீட் வரி (போட்டிக்குப் போகக் கூடாது என்பது), பாண்ட் பணம் (குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் கட்ட வேண்டிய தொகை) எல்லாம் அதோடு போய்விடும்.

ஆனால் அடுத்த பத்தியிலேயே 'ஆர்டரின் 9, 12, 14-வது ஷரத்துகள் தொடரும்' என்று ஒரு வால் இருக்கும். அந்த மூன்று எண்களையும் பழைய ஆர்டரில் தேடிப் படியுங்கள். ஒருவருக்கு 14-வது ஷரத்து பயிற்சிச் செலவாக ஒன்றரை லட்சம் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. வேலையை விட்டு அனுப்பியது கம்பெனி, பணம் கட்ட வேண்டியது இவராம்! சொல்லி எடுக்க வைத்தோம்.

பாண்ட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான்-கம்பீட் செல்லாது என்பதால் பாண்டும் செல்லாது என்று நம்பி ஏமாறாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேறெங்கும் போகக் கூடாது என்று அது தடுக்கவில்லை, வேலைக் காலத்துக்குள்தான் செயல்படுகிறது என்பது காரணம். தொகை நியாயமாக இருக்க வேண்டும் என்ற 74-வது பிரிவு வாதம் அப்போதும் கையில் இருக்கும்.

படி மூன்று: பணம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது?

என்னைக் கேட்டால் பேப்பரிலேயே முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலோர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள்.

தம்பியின் மூன்று லட்சத்தை அந்தக் கடை பெஞ்சிலேயே பிரித்துப் பார்த்தோம். அவருடைய பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 26,000. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000-ஐ ஏழால் பெருக்கினால் 1,05,000. கடைசி மாதச் சம்பளம் 40,000. நோட்டீஸ் கொடுக்காமல் அனுப்புவதால் ஆர்டர்படி இரண்டு மாதச் சம்பளம் 80,000. மீதமிருந்த லீவுக்கு 20,000. கூட்டினால் 2,45,000.

"அப்ப அவங்க உண்மையா சேத்துக் குடுக்கறது அம்பத்தஞ்சாயிரம்தானாண்ணா?"

ஆமாம். இரண்டு வருடத் தொழிலை 55,000-க்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மீதி 2,45,000 அவர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அவருடையது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு, தாமதமானால் வட்டி. எதிர்க் கம்பெனிக்குப் போவார் என்ற காரணத்துக்காகக் கிராஜுவிட்டியைப் பிடித்து வைக்க வழி இல்லை. பி.எஃப். பணத்தில் கம்பெனி கை வைக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பணம் முழுக்க 'போட்டிக்குப் போகாமல் இருப்பதற்காக' என்று எழுதியிருந்தால், அந்த வரி செத்துப்போகும்போது பணமும் ஆட்டம் காணும். 1874-ல் கல்கத்தாவில் ஒரு வழக்கு. ஒரே பகுதியில் இரண்டு கடைக்காரர்கள். ஒருவர் மற்றவரிடம், "நீ கடையை மூடு, வேலையாட்களுக்கு நீ கொடுத்த முன்பணத்தை நான் தருகிறேன்" என்றார். இவரும் மூடினார். அவர் பணம் தரவில்லை. வழக்குப் போட்டால் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஒப்பந்தமே 27-வது பிரிவின்படி செல்லாது, செல்லாத ஒப்பந்தத்தை வைத்துப் பணம் கேட்க முடியாது என்றார்கள். கடையும் போச்சு, காசும் போச்சு. மாதவ் சந்தர் வழக்கு என்று வக்கீல்கள் இன்றைக்கும் இதை எடுத்துக் காட்டுவார்கள்.

தவணையில் தருகிறோம் என்று சொல்லும் கம்பெனிகளிடம் இதனால்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் காத்திருந்து, கடைசித் தவணை வராமல் நின்றால் வழக்குப் போடுவதே கஷ்டம். மறுபக்கமும் உண்டு. செல்லாதது என்று தெரியவந்த ஒப்பந்தத்தில் பெற்ற பலனைத் திருப்ப வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று கம்பெனி அதை வைத்து ஒரு வாதத்தைக் கிளப்பலாம். ஆரம்பத்திலேயே செல்லாது என்று தெரிந்து போட்டவர்களுக்கு அந்தப் பிரிவு உதவாது என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் அந்தச் சண்டைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆகவே பேப்பரில் தொகையைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். சட்டப்படியான பாக்கிகள் ஒரு அட்டவணையில், எந்த நிபந்தனையும் இல்லாமல். அதற்கு மேல் தருவது வேறு ஒரு வரியில், 'கணக்கு முழுவதும் தீர்ந்தது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதற்காக' என்று. வழக்குகளை விட்டுக்கொடுப்பதற்காகத் தரும் பணம் சட்டப்படி சுத்தமானது, போட்டிக்குப் போகாததற்காகத் தரும் பணம்தான் சந்தேகத்துக்குரியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட விடாதீர்கள். கூடுதல் தொகைக்கு வருமான வரி பொதுவாகச் சம்பளம் மாதிரிதான் வரும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி நான்கு: எதெல்லாம் நிஜமாகவே கடிக்கும்

ரகசியம் காக்கும் ஷரத்து செல்லும். வேலை முடிந்த பிறகும் செல்லும். விலைப் பட்டியல், சாயக் கலவை அளவு, சாஃப்ட்வேர் கோடு இதையெல்லாம் கொண்டுபோனால் தடை உத்தரவு வரும்.

வாடிக்கையாளர் பட்டியல் இடைப்பட்டது. கணினியிலிருந்து எடுத்த எக்செல் ஷீட் கம்பெனியுடையது. தலையில் இருப்பது உங்களுடையது. 2006-ல் ஒரு வங்கி அதிகாரி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்ற சாக்கில் ஒருவர் வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாது என்றது. தம்பியின் போனில் 'நாக்பூர் சேட்', 'இந்தூர் பார்ட்டி', 'அகோலா பெரியவர்' என்று ஐம்பது அறுபது பெயர் இருந்தது. அது அவர் சொந்த சிம். பேர் வைத்ததும் அவர்தான். ஆனால் கூகுள் டிரைவில் மூன்று வருட ஆர்டர் கணக்கு ஒன்றும் கிடந்தது. அதை அன்றைக்கே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அழித்துவிட்டேன் என்று ஒரு மெயிலும் போடச் சொன்னேன்.

பழைய வாடிக்கையாளரை நீங்களாகப் போய் இழுக்கக் கூடாது, பழைய சகாக்களைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற வரிகளை நீதிமன்றங்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. குறுகிய காலம், குறிப்பிட்ட பெயர்கள் என்றால் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். இதைப் பேரம் பேச நல்ல இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்-கம்பீட்டை எடுங்கள், அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு நானாகக் கூப்பிட மாட்டேன் என்று எழுதித் தருகிறேன் என்றால் பல முதலாளிகள் இறங்கி வருவார்கள்.

படி ஐந்து: நீங்கள் ஊழியரா, கூட்டாளியா?

சேலத்தில் இதைக் கேட்காமல் விட முடியாது. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர் நாளடைவில் இருபது சதவீதப் பங்காளி ஆகியிருப்பார். விலகும்போது பங்கை எழுதிக்கொடுத்து, கடையின் நல்ல பேருக்கும் (குட்வில்) சேர்த்துப் பணம் வாங்குவார். அப்படிப்பட்டவருக்கு நான் மேலே சொன்ன பாதுகாப்பு பொருந்தாது. வியாபாரத்தின் நல்லெண்ணத்தை, அதாவது அந்த குட்வில்லை, விற்பவர், குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் அதே தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதித் தந்தால், நியாயமான அளவில் அது செல்லும் என்று 27-வது பிரிவே விதிவிலக்கு வைத்திருக்கிறது. கூட்டு வணிகச் சட்டம், 1932-ம் விலகும் கூட்டாளியின் இதே மாதிரி வாக்குறுதியை ஏற்கிறது. சிவதாபுரத்தில் கொலுசு செய்ய மாட்டேன் என்று எழுதுவதா, தமிழ்நாடு முழுக்க என்று எழுதுவதா என்பதுதான் அப்போது பேசவேண்டிய விஷயம். பேப்பரின் தலைப்பில் 'ஊழியர்' என்று இருந்தாலும் உள்ளே பங்கு, ஷேர், நல்லெண்ணம் என்ற வார்த்தைகள் தட்டுப்பட்டால் வக்கீலிடம் போகாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

படி ஆறு: கையெழுத்துப் போடும் நாள்

இன்றைக்கே என்று நெருக்கினால், "இரண்டு நாள் டைம் கொடுங்க, வீட்ல பேசிட்டு வர்றேன்" என்று மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் தடயம் இருக்காது. கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர் என்று மிரட்டினால், அவர்கள் அப்படிச் சொன்னதையே மரியாதையாக ஒரு மெயிலில் திருப்பி எழுதி வையுங்கள். நெருக்கடியில் வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் நெருக்கடி இருந்தது என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. கையெழுத்தான பிரதி ஒன்றை வாங்காமல் அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

வழக்கு எந்த ஊரில் என்ற வரியையும் பாருங்கள். மும்பை நீதிமன்றம் மட்டும் என்று இருந்தால், அது சும்மா இருக்கும் வரி என்று நினைக்க வேண்டாம். வேலை ஒப்பந்தங்களிலும் இப்படி ஊர் குறிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது. ஐம்பதாயிரத்துக்காக மும்பைக்கு யார் நடப்பது? சேலம் என்று மாற்றச் சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கு வெளிநாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருந்து, நீங்களும் அங்கேயே வேலை பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அந்த நாட்டு வக்கீல்தான் வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படுபவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

தம்பி மூன்று மெயில் போட்டார். இரண்டாவது வரைவில் இரண்டு வருடத் தடை காணாமல்போய், ஆறு மாதத்துக்குத் தானாக வாடிக்கையாளரைக் கூப்பிட மாட்டேன் என்ற வரி வந்தது. 2,45,000 தனி அட்டவணையாக நின்றது. கூடுதல் 55,000-ஐ 40,000 ஆக்கினார்கள், இவரும் சரி என்றார். அடுத்த மாதம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் சேர்ந்தார். மூன்றாம் வாரமே நாக்பூர் சேட் தானாகக் கூப்பிட்டு, சாபுதானா (ஜவ்வரிசிக்கு இந்திப் பெயர்) என்ன ரேட் என்று கேட்டிருக்கிறார். தம்பி புது கம்பெனி ரேட்டைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த புது முதலாளி, "பழைய இடத்துல இவருக்கு என்ன ரேட்டுக்குப்பா போட்டாங்க?" என்று கேட்டாராம்.

"அது ஞாபகம் இல்லீங்க" என்றாராம் தம்பி.